மாசுபட்ட நிலத்தின் மண் வரைபடமும் புவிப்புள்ளியியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூடப்பட்ட தொழிற்சாலை வளாகம், உலோக உருக்காலையின் சுற்றுப்புறம், ரசாயனக் கழிவு கொட்டிய மேடு என்று எதுவானாலும் கடைசியில் கேள்வி ஒன்றுதான்: எந்த மண்ணை அகற்றுவது, எதை விட்டுவைப்பது? கையில் இருப்பது சில டஜன் இடங்களின் ஆய்வக முடிவுகள் மட்டுமே. அவற்றிலிருந்து முடிவெடுக்கும் இடம் வரை போகும் வழியில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கணினியில் ஒரு சொடுக்கில் வண்ண வரைபடம் வருகிறதே, புவிப்புள்ளியியல் எதற்கு?

அந்தச் சொடுக்கு பெரும்பாலும் தூர எடை முறையில் கணக்கிடும். பக்கத்துப் புள்ளிக்கு அதிக எடை, தூரத்துப் புள்ளிக்குக் குறைந்த எடை, தூரத்தின் அடுக்கு 2. ஏன் 2 என்று கேட்டால் பதில் கிடையாது. மண்ணில் ஈயம் 10 மீட்டருக்கு ஒருமுறை மாறுகிறதா 200 மீட்டருக்கு ஒருமுறை மாறுகிறதா என்பதை அந்த முறை தரவிடம் கேட்பதே இல்லை. ஒரே மூலையில் நெருக்கமாக எடுத்த ஐந்து மாதிரிகள் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன என்பதும் அதற்குத் தெரியாது. ஐந்துக்கும் தனித்தனியே எடை கொடுக்கும்.

புவிப்புள்ளியியல் முதலில் தரவின் இடத்தொடர்பை அளந்துகொண்டு, பிறகு எடைகளைத் தீர்மானிக்கிறது. மதிப்பீட்டோடு அதன் பிழையையும் தருகிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களுக்காக டேனி கிரிக் 1951-இல் தொடங்கிவைத்த வேலை இது. அதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்து ‘கிரிகிங்’ (அளக்காத இடத்தின் மதிப்பை இப்படி எடையிட்டு மதிப்பிடும் முறை) என்ற பெயரை நிலைநாட்டியவர் பிரான்சின் ஜார்ஜ் மாத்ரோன். எந்தக் கட்டியில் தங்கம் வரம்புக்கு மேல் இருக்கிறது என்பது சுரங்கக்காரரின் கேள்வி. ஈயம் எங்கே வரம்புக்கு மேல் இருக்கிறது என்பதற்கும் அதே கணக்குத்தான்.

எத்தனை மாதிரிகள் வேண்டும்?

நம்பத்தக்க வேரியோகிராமுக்கு (தூரம் கூடக் கூட மாதிரிகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் வளைவு; விளக்கம் பின்னால்) 100 புள்ளிகள் இருந்தால் நல்லது. 50-க்குக் கீழே போனால் வளைவு ஆட்டம் காணும். 30-க்கும் கீழே என்றால் வேரியோகிராம் என்ற பெயரில் நீங்கள் வரைவது பெரும்பாலும் உங்கள் ஊகம்தான். அந்த நிலையில் கிரிகிங் வரைபடம் போடுவதைவிட, புள்ளிகளை அளவுக்கேற்ற வட்டங்களாக வரைந்து காட்டிவிட்டு அடுத்த சுற்று மாதிரிக்குப் பணம் கேட்பது நேர்மையான வேலை.

இந்த எண்ணிக்கை ஒவ்வொரு மண்டலத்துக்கும் பொருந்தும், மொத்த நிலத்துக்கு அல்ல. நிரப்பு மண்ணில் 60, அடியிலுள்ள இயற்கை மண்ணில் 40 என்றால் உங்களிடம் 100 இல்லை. ஒரு 60-உம் ஒரு 40-உம் இருக்கின்றன.

புள்ளிகளை எங்கே வைப்பது?

அடிப்படைக்கு ஒரு சதுர வலை. ஆனால் முழுக்க வலையாக மட்டும் வைத்தால் வலையின் இடைவெளிக்குள் நடப்பது எதுவும் தெரியாமல் போய்விடும். 20 மீட்டர் வலையில் 20 மீட்டருக்குக் குறைந்த தூரத்தில் ஒரு ஜோடிகூடக் கிடைக்காது. வேரியோகிராமின் மிக முக்கியமான பகுதியோ அந்தத் தொடக்கம்தான். எனவே மொத்தப் புள்ளிகளில் நாலில் ஒரு பங்கை ஒதுக்கி, சில வலைப்புள்ளிகளின் அருகே 2 மீட்டர், 5 மீட்டர் தூரங்களில் எடுங்கள். 60 மாதிரிக்கு அனுமதி என்றால் 45 வலையில், 15 நெருக்கத்தில்.

வலையின் இடைவெளி எவ்வளவு என்பதற்கு, எவ்வளவு பெரிய மாசுத் திட்டைத் தவறவிடக் கூடாது என்பதிலிருந்து தொடங்குங்கள். திட்டு வட்ட வடிவம் என்று கொண்டால் கணக்கு எளிது. ஆரம் 10 மீட்டர், வலை 20 மீட்டர் என்றால் ஏதாவது ஒரு புள்ளி அதன்மேல் விழும் வாய்ப்பு சுமார் 79 சதவீதம். ஆரம் 5 மீட்டரானால் அதே வலையில் வாய்ப்பு 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சுமார் 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் வலை இடைவெளி ஆரத்தைப் போல 1.7 மடங்கு இருக்கலாம். அதாவது 10 மீட்டர் ஆரத்துக்கு 17 மீட்டர் வலை, ஹெக்டேருக்கு ஏறக்குறைய 35 புள்ளிகள். 5 மீட்டர் ஆரத்துக்கு 8.5 மீட்டர் வலை, ஹெக்டேருக்கு ஏறக்குறைய 138. செலவு எங்கே எகிறுகிறது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

பழைய தொட்டி, குழாய் இணைப்பு, சாம்பல் கொட்டிய மூலை என்று சந்தேகப்படும் இடங்களிலும் கட்டாயம் எடுக்க வேண்டும். அவற்றுக்குத் தரவில் தனி அடையாளம் கொடுங்கள். வேண்டுமென்றே மோசமான இடத்தைத் தேடி எடுத்த மாதிரிகள் சராசரியைத் தூக்கிவிடும். செறிவுப் பரவலைக் கணக்கிடும்போது கொத்துநீக்கம் செய்து, நெருக்கமான புள்ளிகளின் எடையைக் குறைக்காவிட்டால் நிலம் முழுவதும் இருப்பதைவிட அழுக்காகத் தெரியும்.

கணக்கைத் தொடங்குமுன் தரவில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

பெரும்பாலான வரைபடங்கள் கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான், கிரிகிங்கில் அல்ல.

அலகு: சில ஆய்வகங்கள் மி.கி/கி.கி-யிலும் சில மைக்ரோகிராம்/கி.கி-யிலும் தரும். இரண்டும் ஒரே பத்தியில் கலந்தால் ஆயிரம் மடங்கு பிழை. உலர் எடையா ஈர எடையா என்பதையும் பாருங்கள். 25 சதவீத நீர் உள்ள மண்ணில் இரண்டுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் வரும்.

ஆயத்தொலைவு: அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே கொடுத்துவிட்டால் மென்பொருள் பாகையை மீட்டராக எண்ணிக்கொள்ளலாம். மீட்டர் அளவுள்ள ஒரு வரைபட வீழலுக்கு (projection) மாற்றிக்கொள்ளுங்கள். கையடக்க ஜி.பி.எஸ். கருவியின் பிழை பல மீட்டர் வரை போகும். 2 மீட்டர் இடைவெளியில் எடுத்த ஜோடிகளை அதை வைத்துப் பதிவது வீண்; அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள்.

ஆழம்: 0–20 செ.மீ. மாதிரியும் 0–1 மீட்டர் கலவை மாதிரியும் ஒரே வகைத் தரவு அல்ல. மாசு மேல் 10 செ.மீ-இல் மட்டும் இருந்தால் இரண்டாவது மாதிரி அதைப் பத்தில் ஒரு பங்காகக் கரைத்துக் காட்டும். இரண்டையும் சேர்த்து வரைந்தால் வரைபடத்தில் தெரிவது மாசின் அமைப்பல்ல, மாதிரி எடுத்தவரின் பழக்கம்.

இரட்டை மாதிரிகள்: நூற்றுக்கு ஐந்து முதல் பத்து இடங்களிலாவது ஒரே குழியில் இரண்டு மாதிரி எடுத்துத் தனித்தனியாக அனுப்புங்கள். ஜோடிகளின் வேறுபாட்டை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து, அதில் பாதியைக் கண்டால் மாதிரிப் பிழையும் ஆய்வகப் பிழையும் சேர்ந்த பரவற்படி (variance, திட்டவிலக்கத்தின் வர்க்கம்) கிடைக்கும். இந்த எண் பின்னால் வேரியோகிராமில் உதவும்.

‘கண்டறியும் எல்லைக்குக் கீழே’ என்று வந்த முடிவுகளை என்ன செய்வது?

ஆய்வகக் கருவியால் அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்பதுதான் இதன் பொருள். சுழியம் போடாதீர்கள், நீக்கவும் நீக்காதீர்கள். நீக்கினால் சுத்தமான இடங்களெல்லாம் வரைபடத்திலிருந்து மறைந்து, அழுக்கு பரவியதுபோல் தெரியும். பத்துக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் இருந்தால் எல்லையின் பாதியை வைத்துக்கொள்ளலாம், பெரிய சேதம் வராது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வசதி போய்விடும். எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் அவற்றுக்கிடையே வேறுபாடு சுழியமாகி, வேரியோகிராம் செயற்கையாக இறங்கும். அப்போது வரம்புக்கு மேலா கீழா என்று மட்டும் பார்க்கும் குறியீட்டுக் கிரிகிங் நல்ல வழி. கண்டறியும் எல்லை உங்கள் வரம்பைவிடக் கீழே இருக்கும்வரை அதற்குச் சரியான எண் தேவையே இல்லை.

ஒரே ஒரு மாதிரி மட்டும் மற்றவற்றைவிட முப்பது மடங்கு வந்திருக்கிறது. நீக்கலாமா?

ஆய்வக அறிக்கை, அலகு, மாதிரிப் பையின் எண், களக்குறிப்பு நான்கையும் பார்த்துப் பிழை என்று தெரிந்தால் மட்டும். பிழையில்லை என்றால் நீங்கள் தேடிவந்த பொருளே அதுதான். அதை நீக்கிவிட்டு வரைபடம் போட்டு என்ன பயன்? வேரியோகிராமைப் பொருத்தும்போது மட்டும் அதை ஒதுக்கிவைத்து, மதிப்பிடும்போது திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்ததை அறிக்கையில் எழுதுங்கள்.

வேரியோகிராம் என்பது என்ன? ஒரு சிறு கணக்கோடு சொல்ல முடியுமா?

குறிப்பிட்ட தூரத்தில் உள்ள ஜோடிகளின் செறிவு வேறுபாட்டை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, பாதியாக்கினால் அந்தத் தூரத்துக்கான வேரியோகிராம் மதிப்பு.

ஒரு நேர்கோட்டில் 10 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து ஈய அளவுகள்: 120, 180, 150, 400, 360 மி.கி/கி.கி. 10 மீட்டர் தூரத்தில் நான்கு ஜோடிகள். வேறுபாடுகள் 60, 30, 250, 40. வர்க்கங்கள் 3600, 900, 62500, 1600, கூட்டுத்தொகை 68600. அதை எட்டால் வகுத்தால் 8575. 20 மீட்டர் தூரத்தில் மூன்று ஜோடிகள், வேறுபாடுகள் 30, 220, 210. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 93400. ஆறால் வகுத்தால் ஏறக்குறைய 15567. தூரம் கூடக் கூட வேறுபாடும் கூடுகிறது. இடத்தொடர்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம் இதுவே.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. 8575 என்ற எண்ணில் பத்தில் ஒன்பது பங்குக்கும் சற்று அதிகம் 150–400 என்ற ஒரே ஜோடியிலிருந்து வந்தது. வர்க்கம் செய்வதால் ஒரு பெரிய எண் மொத்தத்தையும் விழுங்கிவிடும். மாசுத் தரவு பொதுவாக இப்படி ஒருபக்கம் நீண்ட வால் கொண்டது என்பதால், மடக்கை எடுத்தோ இயல்நிலைப் பரவலுக்கு மாற்றியோதான் பெரும்பாலும் வேரியோகிராம் போடுகிறோம். மேலும், ஒவ்வொரு தூர வகுப்பிலும் குறைந்தது 30 ஜோடிகள் இருக்க வேண்டும். நிலத்தின் அதிகபட்ச நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள தூரங்களைப் பொருட்படுத்தக் கூடாது.

நக்கெட், சில், ரேஞ்ச் மூன்றையும் எப்படி வாசிப்பது?

தூரம் சுழியத்தை நெருங்கும்போதே வளைவு தொடங்கும் உயரம் நக்கெட், அது ஏறி நிற்கும் உயரம் சில், அங்கே போய்ச்சேரும் தூரம் ரேஞ்ச். மாஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில், நெதர்லாந்தின் ஸ்டைன் ஊருக்கு அருகே எடுத்த 155 மேல்மண் மாதிரிகள் இத்துறையில் எல்லோரும் பழகும் தரவு. ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இலவசமாகக் கிடைக்கிறது. துத்தநாகம் 113 முதல் 1839 மி.கி/கி.கி வரை. இயல் மடக்கை எடுத்துக் கோள மாடல் என்ற வழக்கமான வளைவைப் பொருத்தினால் நக்கெட் ஏறக்குறைய 0.05, அதற்குமேல் ஏறும் பகுதி 0.59, ரேஞ்ச் 897 மீட்டர் என்று வரும்.

ரேஞ்ச் 897 என்றால் அதற்கு அப்பால் இரண்டு இடங்களின் துத்தநாகத்துக்குத் தொடர்பில்லை. மொத்தச் சில் 0.64, இதுவே தொடர்பற்ற இரு இடங்களுக்கு இடையிலான பரவற்படி. நக்கெட் அதில் வெறும் 8 சதவீதம். அதாவது மிக அருகிலுள்ள மண் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. இவ்வளவு சுத்தமான வேரியோகிராம் வருவதற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு மாதிரியும் சுமார் 15×15 மீட்டர் பரப்பில் பல இடங்களில் எடுத்துக் கலந்தது, மாசைக் கொண்டுவந்ததும் ஆற்று வண்டல். தொழிற்சாலை வளாகத்தில் ஒற்றைக் குழி மாதிரிகளை வைத்துக்கொண்டு இதே அழகை எதிர்பார்க்காதீர்கள். அங்கே நக்கெட் பாதியைத் தொடுவது சாதாரணம்.

மாடல் தேர்வில் ஒரு எச்சரிக்கை. காஸ் மாடலை நக்கெட் இல்லாமல் பொருத்தினால் கிரிகிங் சமன்பாடுகள் நிலைதடுமாறி, வரைபடத்தில் எதிர்மறைச் செறிவும் பொய்யான மலைகளும் முளைக்கும். அடுக்குக்குறி மாடலில் சில மென்பொருள்கள் தரும் ‘ரேஞ்ச்’ எண்ணை மூன்றால் பெருக்கினால்தான் நடைமுறை ரேஞ்ச் கிடைக்கும். இதைக் கவனிக்காமல் இரண்டு மென்பொருளின் முடிவுகளை ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் நிறைய.

வேரியோகிராம் தட்டையாக, முழுக்க நக்கெட்டாக வருகிறது. மாசு தாறுமாறாகப் பரவியிருக்கிறது என்று பொருளா?

உங்கள் வலையைவிடச் சிறிய அளவில் மாறுகிறது என்பதுதான் பொருள். இரட்டை மாதிரிகளின் பிழைப் பரவற்படியை இங்கே ஒப்பிடுங்கள். நக்கெட்டின் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிட்டால் குற்றம் மாதிரி எடுப்பதிலும் பொடித்துக் கலப்பதிலும் இருக்கிறது. இன்னும் துளையிட்டுப் பயனில்லை, ஒவ்வொரு மாதிரியின் அளவையும் கூட்டிச் சரியாகக் கலக்க வேண்டும். பிழைப் பரவற்படி சிறியதாகவும் நக்கெட் பெரியதாகவும் இருந்தால்தான் நெருக்கமான புள்ளிகள் தேவை. தார்க்கட்டிகள், உலோகத் துகள்கள், பெயின்ட் செதில்கள் கலந்த நிரப்பு மண்ணில் முதல்வகைதான் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு: இரண்டு வேறு மண்களைக் கலந்துவிடுவது. நிரப்பு மண்ணும் அதன் அடியிலுள்ள களிமண்ணும் ஒரே தரவுத்தொகுப்பில் இருந்தால் பக்கத்துப் பக்கத்து மாதிரிகள்கூடப் பெரிதாக வேறுபடும். துளைப் பதிவேட்டைப் பார்த்து மண்டலங்களைப் பிரியுங்கள். சாலை, சுவர், பழைய அடித்தளம் ஆகியவற்றின் இரு பக்கங்களையும் தனி மண்டலமாகக் கொள்ள வேண்டிவரலாம். இந்தப் பிரிப்பு எந்தக் கிரிகிங் வகையையும்விட வரைபடத்தை மேம்படுத்தும்.

திசைக்குத் திசை வேறுபட்டால்?

புகைபோக்கியிலிருந்து விழுந்த தூசு காற்றின் திசையில் நீளும், கரைந்த மாசு நிலத்தடி நீரோட்டத்தின் திசையில் நீளும். திசைவாரி வேரியோகிராம் போட்டுப் பாருங்கள், ஆனால் நான்கு திசையாகப் பிரித்தால் ஜோடிகளும் நான்கில் ஒன்றாகும். 60 புள்ளிகளில் தெரியும் திசை பெரும்பாலும் மாயை. களத்தில் காரணம் இருக்கும்போது மட்டும் நம்புங்கள். செங்குத்துத் திசை மட்டும் விதிவிலக்கு: கிடையாக ரேஞ்ச் 30 மீட்டர் இருக்கும் இடத்தில் ஆழத்தில் 1 மீட்டர்கூட இராது. முப்பரிமாணக் கணக்கில் இதைத் தனியே கொடுத்தே ஆக வேண்டும்.

எந்தக் கிரிகிங்கைப் பயன்படுத்துவது?

சராசரி தெரியாது, உள்ளூர் அளவில் நிலையாக இருக்கிறது என்றால் சாதாரணக் கிரிகிங். பெரும்பாலான வேலை இதிலேயே முடியும். ஆற்றிலிருந்து தூரம், புகைபோக்கியிலிருந்து தூரம் போன்ற ஒரு காரணி நிலம் முழுவதும் தெரிந்திருந்தால் அதைப் போக்காகச் சேர்க்கலாம். மாஸ் தரவில் ஆற்றுத் தூரத்தின் வர்க்கமூலத்தைச் சேர்த்தாலே எச்ச வேரியோகிராமின் (போக்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குப் போடுவது) சில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வரம்பைத் தாண்டுமா என்பது மட்டுமே கேள்வியானால் குறியீட்டுக் கிரிகிங். அதில் பல வரம்புகளுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டால், 300-ஐத் தாண்டும் வாய்ப்பைவிட 500-ஐத் தாண்டும் வாய்ப்பு கூடுதல் என்பதுபோன்ற அபத்தங்கள் சில இடங்களில் வரும். அவற்றைத் திருத்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

மடக்கையில் கணக்கிட்டு, திரும்பச் சாதாரண எண்ணாக மாற்றினால் போதுமா?

போதாது. ஓர் இடத்தில் மடக்கையில் மதிப்பீடு 6.0, கிரிகிங் பரவற்படி 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக மாற்றினால் 403 மி.கி/கி.கி. அது இடைநிலை, சராசரி அல்ல. பரவற்படியில் பாதியைச் சேர்த்து 6.1-ஐ மாற்றினால் 446, சராசரி இதுவே. (சராசரி தெரியும் என்று கொள்ளும் எளிய கிரிகிங்குக்குப் பொருந்தும் திருத்தம் இது. சாதாரணக் கிரிகிங்கில், அதன் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது கூடவே வரும் லக்ராஞ்ச் எண்ணையும் கழிக்க வேண்டும்.) வேரியோகிராமின் சில்லைத் தவறாகப் பொருத்தினால் அந்தப் பிழையும் அடுக்கில் ஏறிப் பெருகும்.

வரம்பு 500 என்றால் 403, 446 இரண்டுமே ‘சுத்தம்’. ஆனால் 500-இன் மடக்கை 6.215, அது 6.0-இலிருந்து 0.48 திட்டவிலக்கம் மட்டுமே தள்ளி இருக்கிறது. அந்த இடம் வரம்பைத் தாண்டியிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 32 சதவீதம். மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கும் இடத்துக்குப் பச்சை நிறம் பூசித் தருவதுதான் மதிப்பீட்டு வரைபடத்தின் ஆபத்து. வாடிக்கையாளருக்குத் தர வேண்டியது வாய்ப்பு வரைபடம்.

கிரிகிங் பரவற்படி வரைபடத்தைப் பிழை வரைபடமாகக் கொள்ளலாமா?

எச்சரிக்கையோடு. அது புள்ளிகளின் இட அமைப்பையும் வேரியோகிராமையும் மட்டுமே பார்க்கிறது, செறிவுகளைப் பார்ப்பதில்லை. நான்கு மூலையிலும் 100 இருக்கும் சதுரத்துக்கும், மூன்று மூலையில் 10, நான்காவதில் 5000 இருக்கும் சதுரத்துக்கும் நடுவில் அது தரும் எண் ஒன்றே. இரண்டாவது சதுரத்தின் நடுவில் நின்று யாரும் அதே நம்பிக்கையோடு பேச மாட்டார்கள். மடக்கையிலிருந்து மாற்றும்போதும் சிமுலேஷனிலும் (அடுத்த கேள்வியில் வருகிறது) இந்தக் குறை ஓரளவு சரியாகிறது.

சிமுலேஷன் ஏன்? கிரிகிங் வரைபடத்திலிருந்தே அகற்ற வேண்டிய கன அளவைக் கணக்கிடக் கூடாதா?

கூடாது. கிரிகிங் மழுங்கடிக்கும்: உச்சங்கள் தாழும், பள்ளங்கள் உயரும். வரம்பு சராசரியைவிட உயரமாக இருந்தால் மாசுபட்ட பரப்பு குறைந்து காட்டும். தாழ்வாக இருந்தால் கூடிக் காட்டும். ஒப்பந்தம் போட்டுத் தோண்டத் தொடங்கிய பிறகு கன அளவு ஏறிக்கொண்டே போவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

வரிசைமுறை காஸ் சிமுலேஷன் தரவுக்கும் வேரியோகிராமுக்கும் ஒத்துப்போகும் நூற்றுக்கணக்கான வரைபடங்களை உருவாக்கும். ஒவ்வொன்றிலும் வரம்பைத் தாண்டிய கட்டங்களை எண்ணிக் கன அளவைக் கண்டால் ஓர் எண்ணுக்குப் பதில் ஒரு வீச்சு கிடைக்கும். 5×5×1 மீட்டர் கட்டம் 25 கன மீட்டர். மண் அடர்த்தி கன மீட்டருக்கு 1.7 டன் என்றால் 42.5 டன். பத்தில் ஒன்பது வரைபடங்கள் எதற்குக் கீழே வருகின்றனவோ அந்த டன்னை வைத்து நிதி ஒதுக்குவது நல்ல நடைமுறை. குறைந்தது 100 வரைபடங்கள் ஓட்டுங்கள். அவற்றிலிருந்து நாலைந்தை எடுத்து, செறிவுப் பரவலும் வேரியோகிராமும் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் முன்னே போகாதீர்கள்.

வரம்பு எந்த அளவு மண்ணுக்குப் பொருந்தும்?

பலர் கேட்காமலே விட்டுவிடும் கேள்வி. ஆய்வகம் அளந்தது சில கிராம் மண்ணை. பொக்லைன் அள்ளுவது பல டன். சில கிராம் அளவில் 500-ஐத் தாண்டும் புள்ளிகள் நிறைய இருக்கும். அதே மண்ணை 25 கன மீட்டர் கட்டமாகச் சராசரி எடுத்தால் உச்சங்களும் பள்ளங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து, தாண்டும் கட்டங்கள் குறையலாம். வரம்பு எந்தப் பரப்பின் சராசரிக்கு என்பதை விதியில் பாருங்கள், இல்லையென்றால் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். கணக்கில், மடக்கையின் கட்டச் சராசரியை எடுத்துத் திருப்பி மாற்றுவது தவறு. கட்டத்துக்குள் நெருக்கமான புள்ளிகளில் சிமுலேஷன் செய்து, சாதாரண எண்ணாக மாற்றிய பிறகே சராசரி எடுக்க வேண்டும்.

எத்தனை சதவீத வாய்ப்புக்கு மேல் தோண்டுவது?

50 சதவீதம் என்று யாரும் விதிக்கவில்லை. ஒரு கட்டத்தை அகற்றும் செலவு 1, மாசுபட்ட கட்டத்தைத் தவறவிட்டால் வரும் இழப்பு 4 என்று மதிப்பிட்டால், ஒன்றை நான்கால் வகுத்து வரும் 25 சதவீதமே கோடு. மேலே சொன்ன 32 சதவீத இடம், மதிப்பீடு 500-க்குக் கீழே இருந்தும், தோண்ட வேண்டிய பட்டியலில் சேரும். விளையாட்டுத் திடலாகப் போகும் நிலத்தில் இழப்பு 4 அல்ல, 10 என்று நீங்கள் சொன்னால் கோடு 10 சதவீதம். இந்த எண்ணைப் புள்ளியியல் தராது. நிலத்தின் பொறுப்பாளர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. வரைபடம் போடுபவர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு நிறம் பூசிவிடுவதுதான் வழக்கமான தவறு.

கையடக்க எக்ஸ்.ஆர்.எஃப். அளவுகளைச் சேர்க்கலாமா?

எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, மண்ணிலுள்ள தனிமங்களைக் களத்திலேயே அளக்கும் கருவி இது. உலோகங்களுக்குத் தாராளமாக. ஒரே நாளில் நூற்றுக்கும் மேல் அளக்கலாம், நெருக்கமான ஜோடிகள் மலிவாகக் கிடைக்கும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அளவு குறைந்து காட்டும். மண்ணை உலர்த்திச் சலித்து அளந்தால் நம்பிக்கை கூடும். சில மாதிரிகளை ஆய்வகத்துக்கும் அனுப்பி இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காணுங்கள். பிறகு ஆய்வக எண்ணை முதன்மையாகவும் எக்ஸ்.ஆர்.எஃப்-ஐத் துணையாகவும் வைத்து, இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தும் இணைக் கிரிகிங் செய்யலாம். இரண்டையும் ஒரே பத்தியில் கொட்டிவிடுவது மட்டும் வேண்டாம்.

மாடல் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு புள்ளியை மறைத்து, மற்றவற்றிலிருந்து அதை மதிப்பிட்டு ஒப்பிடுங்கள், எல்லாப் புள்ளிக்கும். பிழைகளின் சராசரி சுழியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பிழையின் வர்க்கத்தையும் அதன் கிரிகிங் பரவற்படியால் வகுத்துச் சராசரி எடுத்தால் 1-க்கு அருகில் வர வேண்டும். 2 என்று வந்தால் மாடல் தன் பிழையைக் குறைத்துச் சொல்கிறது, வாய்ப்பு வரைபடமும் பொய் சொல்லும். பெரிய பிழைகளைப் படத்தில் வையுங்கள். அவை ஒரே இடத்தில் கூடினால் அங்கே பிரிக்காமல் விட்ட மண்டலம் ஒன்று இருக்கக்கூடும்.

எந்த மென்பொருள்?

ஆர் மொழியின் ஜிஸ்டாட், பைத்தானின் ஜிஎஸ்டூல்ஸ், சிமுலேஷனுக்கு எஸ்ஜெம்ஸ் எல்லாம் இலவசம். எதுவானாலும் தானியங்கிப் பொருத்தத்தை அப்படியே ஏற்காதீர்கள். வளைவை, ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள ஜோடி எண்ணிக்கையோடு, கண்ணால் பார்த்த பிறகே அடுத்த படி.

இரண்டாம் சுற்று மாதிரிகளை எங்கே எடுப்பது?

பரவற்படி அதிகமான இடத்தில் என்று பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் நிலத்தின் ஓரமாகவே இருக்கும், முடிவை மாற்றாது. வரம்பைத் தாண்டும் வாய்ப்பு 20-க்கும் 80-க்கும் இடையில் உள்ள கட்டங்களில் எடுங்கள். 95 சதவீதம் என்று தெரிந்த இடத்தில் இன்னொரு துளை போட்டு உறுதிசெய்துகொள்வதில் பணம்தான் போகும்.

தோண்டிய பிறகு குழியின் சுவரிலும் அடியிலும் எடுத்த மாதிரிகளைப் பழைய தரவோடு சேர்த்து மறுபடி வரைபடம் போடலாமா?

அகற்றிய மண்ணின் மாதிரிகளை முதலில் நீக்குங்கள்; அந்த மண் இப்போது அங்கே இல்லை. நிரப்பிய புது மண்ணைத் தனி மண்டலமாக வையுங்கள். சுவர் மாதிரிகள் குழியின் விளிம்பில் நெருக்கமாக இருப்பதால் அவற்றை மட்டும் வைத்து வேரியோகிராம் போடாமல், பழைய மாடலையே பயன்படுத்தி வாய்ப்பைப் புதுப்பியுங்கள். சுவர் மாதிரி ஒன்று வரம்பைத் தாண்டினால், எவ்வளவு தூரம் மேலும் வெட்டுவது என்பதற்குப் புதுப்பித்த வாய்ப்பு வரைபடம் ஒரு தொடக்க எண்ணைத் தரும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு புதுச் சுவரில் மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும்.